மழை ராத்திரியில் கெண்டைத் தூண்டில்... எப்போது சுருட்ட வேண்டும்?

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளின் ரகமே மாறிவிடும். நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, உளுந்தில் தண்ணீர் தேங்கி மஞ்சளடிப்பது, மேலுரம் எப்போது போடலாம் என்பவற்றுக்கு நடுவே மீன் கேள்விகளும் எட்டிப் பார்க்கும். திண்டிவனம் அடுத்த ஒலக்கூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் ஒரே தாளில் இரண்டு கேள்விகளை எழுதியிருந்தார். 'அரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். மூடாக்குப் போட்ட நாட்களில் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. என்ன செய்வது?' இது முதல் கேள்வி. 'எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பையன், மழை நேரத்தில்தான் ஏரியில் பெரிய கெண்டை மாட்டும், ராத்திரி தங்கிப் பிடிக்கலாம் என்று நச்சரிக்கிறான். கூட்டிப் போகலாமா?' என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, விவசாயக் கல்லூரியில் படித்தது. மீதி, மழை ராத்திரிகளில் என் அப்பாவோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

முதலில் பையன் சொல்வதைப் பார்ப்போம். அவன் சொல்வது பொய் இல்லை. வறண்டு கிடந்த வரத்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் இறங்கும்போது, ஏரிக்குள் இருக்கும் கெண்டை மீன்கள் அந்த வாயைத் தேடி வரும். ஓடிவரும் தண்ணீரில் காற்று கலந்திருக்கும். மண்புழு, ஈசல், வயலில் கிடந்த தானியம் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். ஓட்டத்தை எதிர்த்து ஏறுவதும் இந்த மீன்களின் சுபாவம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள். வெள்ளம் ஓடினால்தான் முட்டையிடும். தேங்கிய ஏரித் தண்ணீரில் இடாது. அதனால்தான் அவற்றுக்கு ஊசி போட்டுக் குஞ்சு எடுக்கிறார்கள். 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்றைக்கு நம் குட்டையில் விடும் குஞ்சுகள் எல்லாம் அந்த ஊசியின் வழியில் வந்தவையே.

நம் ஆட்கள் 'சி.சி.' என்று சொல்லும் சாதாக் கெண்டை வேறு ரகம். வெளிநாட்டிலிருந்து வந்தது. 1939-ல் இலங்கை வழியாக நீலகிரிக்கு ஒரு வகையும், 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகையும் கொண்டுவந்தார்கள். அது தேங்கிய தண்ணீரிலேயே பாசியில் முட்டையை ஒட்டவைத்துவிடும். சேற்றைக் கிளறி மேயும், கரையையும் பறிக்கும். புதுக்கரை போட்ட குட்டையில் அதை அளவாக விடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். என் நைனாவுக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டால் வயலில் பெரிய வேலை இருக்காது. அப்போது அவர் கை தூண்டிலைத் தேடும். மூங்கில் கழி இரண்டு, நரம்பு, பெரிய முள், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை. இவ்வளவுதான் சாமான்.

இரை விஷயத்தில் மட்டும் அவர் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து, துணியில் கட்டி ஆவியில் வைத்து எடுப்பார். ஆறினதும் முள்ளில் உருண்டையாகப் பிடித்தால் அரை மணி நேரம் தண்ணீரில் கரையாது. முந்தின மூன்று நாளும் சாயங்காலம் ஒரே இடத்தில் இந்த உருண்டைகளை எறிந்துவிட்டு வருவார். பிற்பாடு கல்லூரியில் மீன் வளர்ப்புப் பாடத்தில், 'தவிடு, கடலைப் புண்ணாக்கு 1:1, தினமும் ஒரே நேரம், ஒரே இடம்' என்று வாத்தியார் எழுதிப்போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குட்டை மீனுக்குத் தீனி வைக்கும் முறையும் அதேதான்.

எந்த ஆழத்தில் இரையை விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில். தக்கையை ஏற்றி இறக்கித்தான் எந்த மீன் வேண்டும் என்று முடிவு செய்வார். ஒரே குட்டையில் மூன்று நான்கு ரகம் சேர்த்து விடச் சொல்வதும் இதனால்தான். ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்பது பொதுவான கணக்கு. ஒரே ரகமாக விட்டால் ஒரு தளத்துத் தீனிதான் செலவாகும், மற்றது வீண்.

இதைத் தெரிந்தவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கெண்டைத் தூண்டில்காரர்கள் என்றே ஒரு கூட்டம் இருக்கிறது. குளக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு மூன்று ராத்திரி தங்குவார்கள். மீன் இழுத்தால் பீப் என்று கத்தும் கருவி வைத்திருப்பார்கள். இவ்வளவும் செய்து, பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நைனாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் நம்பவில்லை. "அப்ப கொழம்புக்கு?" என்று கேட்டார்.

நான் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில், தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு ராத்திரி. எங்கள் ஏரி கோடையிலும் நடுப்பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஏரி. அதனால் போன வருஷத்து மீன் மிஞ்சியிருக்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் நைனா முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். சாயங்காலம் தூறலோடு கிளம்பினோம். யூரியா சாக்கை ஒரு மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டோம். கையில் அரிக்கேன் விளக்கு. வரத்து வாய்க்கால் வாயிலிருந்து 50 அடி தள்ளி, கரை அகலமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். வாய்க்கால் வாயிலேயே உட்காரலாமே என்று கேட்டதற்கு, "தண்ணி வர்ற வழியில மனுசன் குந்தக் கூடாது" என்றார்.

உட்கார்ந்ததும் தூண்டிலைக்கூடப் பிரிக்காமல் அவர் செய்த முதல் வேலை, ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, தண்ணீர் விளிம்பில் நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டது.

எட்டு மணிக்கு ஒரு மிர்கால் மாட்டியது. பத்து மணி வாக்கில் மூன்று கிலோ இருக்கும், ஒரு ரோகு. காற்று வடக்கிலிருந்து அடித்தது, விளக்கு இரண்டு முறை அணைந்தது, எனக்குப் பல் கிட்டியது. ஆனாலும் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றவில்லை. அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிற பேச்சு வீட்டில் வராது. நிலத்தின் பேரில் இருந்த கடனை அவர் எனக்குச் சொன்னது அந்தக் கரையில்தான். எவ்வளவு, யாரிடம், எப்படி அடைக்கப் போகிறார் எல்லாம் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தக்கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். உன் படிப்பை நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னார்.

மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் குச்சியைப் பார்ப்பார். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அடுத்ததில் மூன்று. பதினொன்றரைக்குப் பார்த்தபோது கீறலுக்கு மேல் ஒரு சாண். அதோடு தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது. செம்மண் கலந்து, நுரையும் சருகும் மிதந்தன. மேற்கே மேலேரி நிரம்பி, அதன் கோடித் தண்ணீர் நம் ஏரிக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து என் தக்கை முழுகியது. கழி வளைந்த வளைவில் அது பெரிய கட்லா என்று தெரிந்தது. நரம்பு கையை அறுத்தது. தெற்கே மின்னல் வெட்டியது. நைனா வாய்க்குள் எண்ணினார். இருபது எண்ணுவதற்குள் இடி கேட்டது. என் பக்கம் வந்தவர், மடியிலிருந்த கத்தியை எடுத்து நரம்பை அறுத்துவிட்டார்.

"நைனா!" என்று கத்தினேன்.

"மீன் ஏரியிலதான்டா இருக்கும். எழுந்திரு. கோடி போறதுக்குள்ள தரைப்பாலத்தத் தாண்டணும்."

எங்கள் ஊருக்கும் ஏரிக்கும் நடுவே கோடி வாய்க்கால், அதன்மேல் ஒரு தரைப்பாலம். அதைத் தாண்டும்போது கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஏரி கோடி போகும் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது. காலையில் ஊரே போய் நின்று பார்த்தது. தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு ஓட்டம். அடுத்த ஊருக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் அன்று முழுக்க இந்தப் பக்கமே நின்றார்கள்.

அவர் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வேகத்தைப் பொறுத்து ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு அடி ஓட்டம் காரையே தூக்கிப்போகும். இடி விஷயத்தில் அவர் எண்ணிய எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். மின்னலுக்குப் பிறகு 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெட்டவெளியில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்பப் போகவும் கூடாது. நம் மாவட்டத்தில் ஏரிக்கரை என்றாலே பனைமரம்தான். மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவது, மின்னலுக்கு நேராகப் போய் நிற்பதுபோல. இப்போது பிள்ளைகள் வாங்கும் கார்பன் தூண்டில் கழிகள் மின்சாரம் கடத்தும். இடி நேரத்திலும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கு அடியிலும் அதை நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். செல்போன் வைத்திருப்பவர்கள் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். வயல் வேலைக்கும் உதவும்.

ஆனால் குச்சியும் எண்ணிக்கையும் போதாத மழையும் உண்டு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது நமக்கெல்லாம் தெரியும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. இதில் தூண்டில்காரர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மழை விட்டு நட்சத்திரம்கூடத் தெரியலாம். தண்ணீர் வேறு எங்கோ பெய்த மழை. வீடூர் அணைக்குச் செஞ்சி மலைப்பக்கத்து மழை வராக நதியிலும் தொண்டி ஆற்றிலும் வந்து சேரும். சாத்தனூருக்கு இன்னும் தூரத்திலிருந்து வரும். அதனால் அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் மழைக்காலத்தில் ராத்திரி தங்குவது, குச்சி நட்டாலும் நடாவிட்டாலும், கூடவே கூடாது. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் ஏரிக்கும் அதேதான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

புயலுக்குப் பிறகு பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்குப் போனபோது, நெல் வயலில் மணல் மேவிக் கிடந்த இடத்தில் இரண்டு கிலோ கட்லா ஒன்று செத்துக் கிடந்தது. யாருடைய குட்டையோ. கரை உடையாமலே, தண்ணீர் மேலே வழிந்தே பலருக்கு மீன் போயிருந்தது. மழைக்கு முன்பே குட்டையைச் சுற்றிக் கரைமேல் மூன்றடி உயரத்துக்கு நைலான் வலை கட்டியவர்களுக்குப் பாதியாவது மிஞ்சியது. வடிகால் குழாயில் வலை கட்டினால் தினமும் சருகை எடுக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை உடைத்துவிடும். ஊர் ஏரிக் கோடியில் மட்டும் யாரும் வலையோ தட்டியோ வைத்து அடைக்காதீர்கள். நாலு மீனுக்காக ஏரிக்கரையைப் பணயம் வைக்கிற வேலை அது. குத்தகைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி, குட்டையில் மீன் வாயைப் பிளப்பது. ஏரியில் ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. விடியலுக்கு முன் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் 'சப் சப்' என்று சத்தம் கேட்கும். பகலில் வெயில் பட்டால் தண்ணீரில் உள்ள பாசி பிராணவாயுவை விடும். ராத்திரியில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். மூன்று நாள் மூடாக்கு இருந்தால் வரவு குறைந்து செலவு மட்டும் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் கெண்டைக்கு நல்லது. 3-க்குக் கீழே போனால் திணறும். பெரும்பாலும் முதலில் கட்லாதான் மேலே வரும்.

கரையில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். மீன் சடாரென்று உள்ளே போனால் இன்னும் நேரம் இருக்கிறது. தட்டியும் போகாமல் மிதந்தால் உடனே மோட்டாரைப் போட வேண்டும். குழாய் வாயில் ஒரு ஓட்டைத் தட்டையோ பலகையையோ கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி செய்தால் காற்று நன்றாகக் கலக்கும். குட்டைத் தண்ணீரையே எடுத்துத் திரும்ப விட்டாலும் போதும். கரன்ட் இல்லாத புயல் ராத்திரியில் டீசல் இன்ஜின் வேண்டும். அதுவும் இல்லையென்றால் இரண்டு பேர் இறங்கி மூங்கில் கழியால் தண்ணீரை அடித்துக் கலக்கலாம், ஆனால் இடி இல்லாதபோது மட்டும். மூடாக்கு நாட்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீன் மேலே வந்த அன்று தீனியே வேண்டாம். சாணம் கரைத்து விடுவதை அறவே நிறுத்துங்கள். அது மட்கவும் பிராணவாயுதான் செலவாகும்.

வெள்ளத் தண்ணீர் குட்டைக்குள் புகுந்திருந்தால், தெளிந்த பிறகு கார அமிலத் தன்மையைப் பார்த்துவிட்டு ஏக்கருக்கு 20 முதல் 40 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிக்கலாம். ஏற்கெனவே 8.5-க்கு மேல் இருந்தால் வேண்டாம். மார்கழிக் குளிரில் உடம்பில் சிவப்புப் புண் வரும் நோயும் இந்த வெள்ளத்துக்குப் பின்னால்தான் வருகிறது. விரால், கெளுத்தியில் முதலில் காட்டும். அதைக் கண்டால் விழுப்புரத்தில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்திலோ திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உடனே காட்டுங்கள். தள்ளிப்போட்டால் கெண்டைக்கும் தொற்றும்.

பையனைக் கூட்டிப் போகும் விஷயம் பாக்கி இருக்கிறது. கூட்டிப் போங்கள், ஆனால் ஐப்பசி, கார்த்திகை ராத்திரியில் வேண்டாம். பொங்கல் கழிந்து, கோடி நின்று, தண்ணீர் தெளிந்த பிறகு தை, மாசியில் போகலாம். குளிருக்கு மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் நன்றாக எடுக்கும். அடியில் இரை விட்டுச் சாதாக் கெண்டையையும் மிர்காலையும் பாருங்கள். ஒரு ராத்திரியாவது தங்கியே ஆக வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், நிலா வெளிச்சத்தில், மழை அறிவிப்பு இல்லாத நாளில், கரைமேல் தங்குங்கள். கரைச்சரிவில் பாம்பு இருக்கும். ஆளுக்கொரு டார்ச்சும் காலுக்கு மூடிய செருப்பும் வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளையை விளிம்பில் உட்கார வைக்காதீர்கள். போனதும் அவன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துத் தண்ணீரில் நடச் சொல்லுங்கள். மணிக்கொரு தரம் போய்ப் பார்ப்பது அவன் வேலை. குத்தகைக்காரரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.